இருபது எண்ணும் வரை

“ஊட்டுல எருமையக் கட்டி வெச்சுக்கிட்டு எந்தம்பிக்கு வெறுந்தண்ணியா அம்மணி?”

அருக்காணி அதைச் சத்தமாகக் கேட்கவில்லை. முன்கூடமான ஆசாரத்துத் தூணில் சாய்ந்து கொண்டையை முடிந்துகொண்டே, இன்றைக்கு மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டாள். கட்டிலருகே ஒரு கையில் தண்ணீரும் மறு உள்ளங்கையில் மாத்திரையுமாக நின்றிருந்த ராசாத்தாளுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் பதில் சொல்ல அப்போது நேரமில்லை. மணி ஆறு. இந்த மாத்திரை ஆறு மணிக்கு உள்ளே போனால்தான் ஏழு மணிக்குப் பொங்கியண்ணன் எழுந்து தன் காலால் நடந்து முகம் கழுவப் போவார். அது தவறினால் அந்த நாளே கோணிக்கொள்ளும்.

கணவரின் கழுத்தைத் தாங்கி, மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீரைச் சாய்த்தாள். அது தொண்டையில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் திரும்பினாள்.

“காலைல பால் குடுக்கக் கூடாதுங்க நங்கையா. மாத்திரை வேலை செய்யாதுங்க. பொழுதோட, ராத்திரிச் சாப்பாட்டுக்கு நல்லாவே குடுக்கறேனுங்க.”

“பால் குடிச்சா வேலை செய்யாத மாத்திரை... நல்ல மாத்திரையாத்தான் கண்டுபுடிச்சிருக்கறாங்க” என்று அருக்காணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண்வரை ஏறவில்லை.

அருக்காணி பொங்கியண்ணனின் அக்கா, ராசாத்தாளுக்கு நங்கையா முறை. ஆறு வயது மூத்தவள். அந்தியூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள். கணவர் காலமாகி, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போன பிறகு, தம்பி எலும்பும் தோலுமாகக் கிடக்கிறான் என்று யாரோ சொல்லக் கேட்டு, பையில் நான்கு சேலையோடு அவிநாசிக்குத் தெற்கே இருந்த இந்தத் தோட்டத்து வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வந்ததும் வராததுமாகத் தம்பியின் மணிக்கட்டைத் தன் விரல்களால் வளைத்துப் பார்த்தாள். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அந்த இடத்திலேயே அவள் முகம் மாறியதை ராசாத்தாள் பார்த்தாள்.

அவள் மேலும் தப்புச் சொல்ல முடியாது. தாய் இறந்தபோது பொங்கியண்ணனுக்கு நான்கு வயது. பத்து வயதுப் பெண் அருக்காணி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். எருமை மடியிலிருந்து பீய்ச்சின பாலைச் சூடு ஆறுமுன் நுரையோடு ஊற்றி ஊற்றி வளர்த்த உடம்பு அது. அந்த உடம்பு இப்போது கண்ணெதிரே ஒடுங்கிக் கிடக்கிறது. கட்டுத்தரையில் எருமை நிற்கிறது. கறந்த பால் கேனில் ஏறிச் சொசைட்டிக்குப் போகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற அக்கா வேறு என்ன நினைப்பாள்?

நோய் வந்து அப்போது ஏழு வருடம். முதலில் போனது வாசனை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது, இரண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார் பொங்கியண்ணன். மூக்கை எங்கே அடகு வைத்தீர்கள் என்று ராசாத்தாள் அன்றைக்கு எரிந்து விழுந்தாள். அதுதான் ஆரம்பம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகு நடக்கும்போது வலது கை வீசாமல் நின்றது. கையெழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கியது. குரல் உள்ளே போயிற்று. கடைசியாக முகம். சிரித்தால் இரண்டு கன்னமும் குழிகிற மனிதர் அவர். அந்த முகம் மெல்ல மெல்லப் பூசிய சுவர்போல ஆகிவிட்டது. மகன் கதிர்வேலுக்குப் பெண் குழந்தை பிறந்து முதன்முதலாகக் கையில் கொடுத்தபோது, மாமாவின் முகத்தில் ஒரு சந்தோஷத்தையும் காணோமே என்று மருமகள் லோகப்பிரியா கண்கலங்கினாள். குழந்தையின் பாதத்தை அவருடைய கட்டைவிரல் விடாமல் தடவிக்கொண்டே இருந்ததை ராசாத்தாள் மட்டும்தான் பார்த்தாள்.

கோயம்புத்தூரில் நரம்பு டாக்டர் பிரத்யுஷா ஒரு தாளில் படம் போட்டு அவளுக்கு விளக்கியிருந்தார். மூளையின் அடியில் ஒரு சின்ன இடம். அங்கே டோப்பமின் என்று ஒன்று ஊறிக்கொண்டே இருக்க வேண்டும். கையை நீட்டவும், காலை எடுத்து வைக்கவும், முகம் மலரவும் அது வேண்டும். அதை ஊற வைக்கிற செல்கள் இவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகின்றன. மாத்திரை உள்ளே போய் டோப்பமினாக மாறித்தான் அந்தக் குறையை நிரப்ப வேண்டும். ஆனால் பால், முட்டை, பருப்பு மாதிரி புரதம் உள்ள சாப்பாடும் மாத்திரையும் உள்ளே நுழைவதற்கு ஒரே வாசல்தான். சாப்பாடு முந்திக்கொண்டால் மாத்திரை வெளியிலேயே நின்றுவிடும். எல்லோருக்கும் இப்படி ஆகாது, உங்கள் வீட்டுக்காரருக்கு நன்றாகவே வித்தியாசம் தெரிகிறது, அதனால் புரதத்தையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

“உள்ள அவர் அப்படியேதான் இருக்கார்ம்மா. வெளிய வர்றதுக்குத்தான் நேரமாகுது. ஏதாவது கேட்டீங்கன்னா உடனே அடுத்த கேள்வி கேட்காதீங்க. மனசுக்குள்ள இருபது எண்ணுங்க.”

எட்டாவது வரை படித்தவள் ராசாத்தாள். அன்றிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். ஆறு மணி மாத்திரை. ஆறு ஐம்பதுக்கு எழுந்தார். பத்து மணி மாத்திரை. பன்னிரண்டு வரை நல்லாயிருந்தார். அந்தத் தாள்களை ஊசி நூலால் கோத்து வைத்தாள். கேள்வி கேட்டால் இருபது எண்ணினாள். சாப்பிடறீங்களா என்று கேட்டு எண்ணுவாள். பதினைந்து, பதினாறில் “ம்” வரும். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் சொல்ல வந்ததை அவள் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதேயில்லை.

அருக்காணி வந்த ஐந்தாம் நாளிலிருந்து மாத்திரை வேலை செய்யவில்லை.

அதன் காரணம் ராசாத்தாளுக்குப் பிறகுதான் தெரிந்தது. விடிகாலை ஐந்தேமுக்காலுக்கு அவள் கட்டுத்தரையில் பால் பீய்ச்சிக்கொண்டிருக்கும்போது, உள்ளே அருக்காணி முந்தின நாள் காய்ச்சிய பாலைச் சுடவைத்துத் தம்பிக்குப் பெரிய டம்ளர் நிறையக் கொடுத்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். சில நாள் அதில் ஒரு முட்டையையும் உடைத்து ஊற்றி அடித்துக் கொடுத்தாள். தம்பி விழுங்குவதைப் பார்க்கிறபோது, அவளுக்குத் தானே சாப்பிட்டதுபோல இருக்கும்.

ஏழு மணிக்கு எழுகிறவர் ஒன்பது மணிக்கும் எழவில்லை. எழுந்தாலும் நிலைப்படிக்கு வந்ததும் கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொள்ளும். ராசாத்தாள் பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தாள். சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லீங்க என்று அவள் அறிந்த உண்மையைச் சொன்னாள். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். கூட்டின மாத்திரையில் மத்தியானம் உடம்பு காற்றில் ஆடும் கொடிபோல முறுக்கிக்கொண்டு ஆடியது. காலையில் அசைவே இல்லை. ராசாத்தாள் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எங்கே தவறு செய்தேன் என்று தெரியாமல் மாட்டுத்தொட்டி அருகே நின்று அழுதாள்.

அருக்காணி வேறு கணக்குப் போட்டாள். இத்தனை நாள் பட்டினி போட்டதில் உடம்பு இனிமேல் பால் கொடுத்தாலும் ஏறாத அளவுக்குப் போய்விட்டது என்று அவளுக்குத் தோன்றியது. கோயம்புத்தூரை ஒட்டிய கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த கதிர்வேலுக்குப் போன் செய்தாள். உங்கப்பன் கண்ணில் ஒரு சொட்டுப் பால் காட்டாமல் உங்கம்மா வைத்திருக்கிறாள், கேட்டால் மாத்திரைமேல் பழி போடுகிறாள் என்று சொல்லி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதிர்வேல் கார் வாசலில் நின்றது. லோகப்பிரியாவும் வந்திருந்தாள். கதிர்வேல் அம்மாவிடம் சண்டை போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, அப்பாவைக் கொஞ்ச நாள் கணபதியில் வைத்துப் பார்க்கிறேன், ஆஸ்பத்திரியும் பக்கம், அத்தையும் கூட வருகிறார்கள் என்றான். அப்போ நானு என்று ராசாத்தாள் கேட்டாள். மாட்டையும் தோட்டத்தையும் யாராவது பார்க்க வேண்டுமல்லவா என்றான்.

“கண்ணு... எம் மேல ஏதாச்சும் கொறையா?”

“கொறைன்னு இல்லீங்கம்மா. நீங்களும் அலுத்துப் போயிட்டீங்க.”

“அவருக்கு ஆறு மணி, பத்து மணின்னு...”

“எல்லாம் எழுதிக் குடுங்க. நாங்களும் மனுசருதானே, பார்த்துக்க மாட்டமா?”

அருக்காணி தம்பியின் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“உங்கல்யாணத்தன்னிக்கு, நீ பந்தலுக்கு வாரதுக்கு முன்னாலயே, கூறைச்சேலையோட ஒரு மொனைய அவன் புடிக்க மறு மொனைய நான் புடிச்சு இணைச்சீருக்கு நின்னேன் ராசாத்தா. அவனுக்கு மொதல்ல நானு. நீ அப்பறம் வந்தவ.”

ராசாத்தாள் நேரே கணவரிடம் போனாள். அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு வைத்து, ஊருக்குப் போகிற குழந்தையைப்போல. அவர் வயிற்றில் அன்று காலை அருக்காணி கொடுத்த பாலும் முட்டையும் இருந்தன. மாத்திரை வாசலுக்கு வெளியே நின்றிருந்தது.

“ஏனுங்க... நீங்களே சொல்லுங்க. பையன்கூடப் போறீங்களா? இல்ல, இங்கயே எங்கிட்ட இருக்கறீங்களா?”

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். சுவர்போன்ற முகம். ராசாத்தாள் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் கண் இமைக்கவில்லை. ஏழு, எட்டு. உதட்டோரத்தில் எச்சில் கோடாக இறங்கியது. அருக்காணி முந்தானையால் துடைத்துவிட்டாள். பதினொன்று. அவர் இவளைப் பார்க்கிறாரா, இவளுக்குப் பின்னாலிருக்கும் ஜன்னலைப் பார்க்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. பன்னிரண்டு.

பன்னிரண்டுக்கு மேல் அவளால் எண்ண முடியவில்லை. இத்தனை பேர் முன்னால் அழக் கூடாது என்று உள்ளே போய்விட்டாள். மாத்திரை டப்பாவையும் காலண்டர்த் தாள் கட்டையும் ஒரு பையில் போட்டு லோகப்பிரியாவின் கையில் கொடுத்தாள். காலையில் வெறும் தண்ணீர்தான், பால் ராத்திரிக்கு மட்டும் என்று மறுபடி ஒருமுறை சொன்னாள். லோகப்பிரியா சரிங்கத்தை என்றாள்.

கார் போன பிறகு அந்த வீட்டில் ஆறு மணி என்பது ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஆனாலும் ஆறு மணிக்கு அவள் டம்ளரில் தண்ணீர் மொண்டுவிட்டாள், இரண்டு நாள். மூன்றாம் நாள் அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள். அவரும் போகத்தான் நினைத்தாரோ? நான் கேட்டதற்கு இல்லையென்று ஒரு தலையசைப்புக்கூட வரவில்லையே... நாற்பது வருடத்துக்கு ஒரு தலையசைப்பு. நோய் என்று அறிவுக்குத் தெரிந்திருந்தும் மனது அந்தக் கேள்வியையே சுற்றிச் சுற்றி வந்தது.

நான்கு நாள் கழித்துக் கணபதியிலிருந்து தகவல் வந்தது. கடைப் பால் ஆகாது, நம்ம எருமைப் பாலாக அனுப்பச் சொல் என்று அருக்காணி சொல்லியிருந்தாள். தோட்டத்துக் காய்களைத் தினமும் தன் குட்டி யானை வண்டியில் கோயம்புத்தூருக்கு ஏற்றிப் போகும் அப்துல் வஹீது, கணபதி வழியாகத்தான் போவார். பொழுது சாய அவர் வண்டி எடுக்கும்போது ராசாத்தாள் தூக்குப்போசியில் காய்ச்சிய பாலை ஊற்றிக் கொடுத்துவிடுவாள். மூடியில் ஒரு தாள் ஒட்டியிருப்பாள்: ராத்திரிக்கு மட்டும். ஈரத்தில் அது போய்ச் சேர்வதற்குள் உரிந்து விழுந்துவிடும். ராத்திரி கொஞ்சம் கொடுத்தார்கள். மீதியை அருக்காணி பிரிட்ஜில் பத்திரமாக வைத்து விடிகாலையில் எடுத்தாள். வெறுந்தண்ணீர்க் கணக்கெல்லாம் சாக்கு என்று எல்லோரும் நம்பியிருந்ததால், அங்கே ஒளிக்க வேண்டியதும் இல்லை. மாத்திரையையே பாலில்தான் கொடுத்தாள்.

“நடக்கறாருங்களா வஹீது?” என்று ராசாத்தாள் தினமும் கேட்பாள்.

வஹீது பொய் சொல்லத் தெரியாத மனிதர். பேச்சை மாற்றிப் பெட்ரோல் விலையைப் பற்றிச் சொல்வார். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஆவணியில் எருமைக்கு மடி வீங்கியது. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டு, நான்கு நாளைக்கு இந்தப் பாலை யாரும் குடிக்கக் கூடாது, கறந்து கீழே ஊற்றுங்கள் என்றார். ராசாத்தாள் வெறும் தூக்குப்போசியை வஹீதிடம் கொடுத்து விவரம் சொல்லி அனுப்பினாள். அந்தக் கவலையும் சேர்ந்து அன்று அவள் சாப்பிடவில்லை.

கணபதியில் கதிர்வேல் இரண்டு பாக்கெட் பால் வாங்கி வந்தான். அருக்காணி தொடவே இல்லை. கவரில் அடைத்த பாலை எந்தம்பி வாயில் ஊற்ற மாட்டேன், அது எந்த ஊர்ப் பாலோ, என்றைக்குக் கறந்ததோ என்றாள். நாலு நாள்தானே, அதுவரை கஞ்சி குடிக்கட்டும் என்று மறுநாள் காலை மாத்திரையை வெறும் தண்ணீரில் கொடுத்தாள்.

அன்று ஏழு மணிக்குப் பொங்கியண்ணன் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். இரண்டாம் நாள் ஹாலைத் தாண்டி கேட்வரை நடந்து போய் நின்றார். எதிர்வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று அருக்காணி கண்ணீர் விட்டாள். மூன்றாம் நாள் காலை லோகப்பிரியா அவருக்கு இட்லி வைத்தபோது, அவர் வட்டலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

“ராசாத்தா... எங்கே?”

லோகப்பிரியா அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வார்த்தைகள் அவை.

ஐந்தாம் நாள் பால் வந்தது. தம்பி தேறிக்கொண்டான் என்ற சந்தோஷத்தில் அருக்காணி மறுநாள் விடிகாலை ஒரு டம்ளருக்கு ஒன்றரை டம்ளராகக் கொடுத்தாள். எட்டு மணிக்குக் குளியலறை வாசலில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாகப் பொங்கியண்ணன் உறைந்து நின்றார். பிடிக்க ஓடி வந்த லோகப்பிரியா, அவரைத் தாங்கிக்கொண்டே, சமையல் மேடைமேல் இருந்த பால் டம்ளரைப் பார்த்தாள். பால் ராத்திரிக்கு மட்டும் என்று ராசாத்தாள் அத்தை சொல்லிப் பையைக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அவரை உட்கார வைத்துவிட்டு, பிரிட்ஜின்மேல் தூசியோடு கிடந்த காலண்டர்த் தாள் கட்டை எடுத்தாள்.

நான்கு வருடத் தாள்கள். ஒவ்வொரு நாளும். ஒரே மாதிரி உருண்டையான எழுத்து. ஒரு தாளில், இன்று மறந்து பத்து மணிக்குத் தயிர்ச் சோறு கொடுத்துவிட்டேன், ஒரு மணிவரை எழவில்லை, என் தப்பு என்று இருந்தது. இன்னொன்றில், இன்று சிரித்தமாதிரி இருந்தது என்று மட்டும். கடைசித் தாள்களுக்கு வந்தாள். நங்கையா வந்தார்கள். ஐந்தாம் நாள்: எழவில்லை. ஆறாம் நாள்: எழவில்லை, காரணம் தெரியவில்லை. அதற்குப் பிறகு அழுத தாள்களாக இருந்தன, மை பரவியிருந்தது.

“பெரியத்தை” என்று லோகப்பிரியா அருக்காணியைக் கூப்பிட்டாள். “அங்க இருக்கறப்பவே காலைல மாமாவுக்குப் பால் குடுத்தீங்களா?”

அருக்காணி மறைக்கவில்லை. “குடுத்தேன். பட்டினி கெடக்கட்டும்னு உடச் சொல்றயா?”

அன்று சாயங்காலமே கதிர்வேலையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் டாக்டர் பிரத்யுஷாவிடம் போனார்கள். அவர் தாள்களை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு, இதை எழுதினவங்க எங்கே என்று கேட்டார். தோட்டத்துல இருக்கறாங்க என்று கதிர்வேல் முணுமுணுத்தான். டாக்டர் பழைய படத்தையே மறுபடி போட்டுக் காட்டினார். ஒரே வாசல். முந்திக்கொள்ளும் பால். வெளியே நிற்கும் மாத்திரை. அருக்காணி அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்படீன்னா... எந்தம்பி காலக் கட்டிப்போட்டது நானுங்களா?”

பாசத்தில் செய்ததுதானே, தெரிந்தா செய்தீர்கள் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் விழவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கார் தோட்டத்து வாசலில் வந்து நின்றபோது, ராசாத்தாள் கையில் தவிட்டுடன் கட்டுத்தரையில் இருந்தாள். முதலில் இறங்கியவன் கதிர்வேல். நேராக வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். சாணித் தரை, போட்டிருந்தது நல்ல பேண்ட். அம்மா என்று அவள் பாதத்தைத் தொட்டான். லோகப்பிரியாதான் நடந்ததையெல்லாம் சொன்னாள். ராசாத்தாள் கேட்டுக்கொண்டே நின்றாள். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. காரைத்தான் பார்த்தாள்.

காரின் கதவைப் பிடித்துக்கொண்டு பொங்கியண்ணன் தானே நின்றிருந்தார். பத்து மணி மாத்திரை, வெறும் தண்ணீர். அவள் தவிட்டுக் கையோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

“வந்துட்டீங்களா?”

ஒன்று, இரண்டு, மூன்று... அவர் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.  பதினான்கில் குரல் வந்தது. காற்றுபோல.

“அன்னிக்கு... இங்கயே இருக்கறேன்னுதான்... சொன்னேன். சத்தம்... வருல. நீ... உள்ள போயிட்ட.”

ராசாத்தாளின் கையிலிருந்து தவிடு கொட்டியது. “போயிட்டேனுங்க... பன்னெண்டுலயே போயிட்டேனுங்க... இன்னும் எட்டு எண்ணியிருந்தா...” என்று அவள் அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக் கதறினாள். அவள் எதை எண்ணினாள் என்று அவருக்குத் தெரியாது. சுவர்போன்ற முகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவருடைய கை மெல்ல உயர்ந்து அவள் தலைமேல் வந்தது. கட்டைவிரல் அவள் நெற்றியோரத்தை விடாமல் தடவிக்கொண்டே இருந்தது.

அருக்காணி காரைவிட்டு இறங்கவில்லை. பின் இருக்கையில், பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தியூர் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லி உட்கார்ந்திருந்தாள். ராசாத்தாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தக் கதவைத் திறந்தாள்.

“எறங்குங்க நங்கையா.”

“எந்த மூஞ்சியோட எறங்கட்டும் அம்மணி? உன்னைய என்னென்ன சொல்லிப்போட்டேன்...”

“இணைச்சீருக்கு நின்னவங்க நீங்க. ஊட்டுக்குள்ள வராம ரோட்டுலயா நிப்பீங்க?”

அருக்காணி அவள் தோளில் சாய்ந்து அழுத அழுகையில், கட்டுத்தரையில் எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது.

அதற்குப் பிறகு பதினாறு மாதம். ஆறு மணியின் காவலுக்கு அருக்காணியைவிடக் கண்டிப்பான ஆள் இல்லை. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் காலையில் பால்கோவா நீட்டியபோது, கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு, ராத்திரி ஏழு மணிக்கு மேல் வா என்று திருப்பி அனுப்பினாள். வந்தவர்களிடமெல்லாம் ஒரே வாசல் கதையைச் சொன்னாள். பொங்கியண்ணனிடம் ஏதாவது கேட்டுவிட்டுச் சத்தமாகவே இருபது எண்ணுவாள். அதுதான் அவருக்குச் சிரிப்பு வரவழைத்தது என்று ராசாத்தாள் ஒரு தாளில் எழுதி வைத்தாள்.

ஒன்று மட்டும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அருக்காணி பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள். டீ போட்டால் பாலில்லாத வரக்காப்பி போதும் என்பாள். மோர்கூட ஊற்றிக்கொள்ள மாட்டாள். கேட்டால் வயிறு சேரவில்லை என்பாள்.

நோய் எதற்கும் நிற்கவில்லை. அழிகிற செல்கள் அழிந்துகொண்டேதான் இருந்தன. ஒரு மாத்திரைக்குக் கிடைக்கும் நல்ல நேரம் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டாயிற்று, ஒன்றாயிற்று. கடைசியில் விழுங்குவதே மறந்துபோனது. மார்கழியில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து, பொங்கியண்ணன் போய்விட்டார். கடைசி மாலை ராசாத்தாள் அவர் காதருகே குனிந்து, நானு நல்லாப் பார்த்துக்கிட்டனுங்களா என்று கேட்டாள். இருபது எண்ணினாள். இன்னொரு இருபது எண்ணினாள். பதில் வரவில்லை. ஆனால் இந்த முறை அவள் எழுந்து போகவில்லை. அவர் மூச்சு அடங்கும்வரை அங்கேயே இருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து, கதிர்வேலும் லோகப்பிரியாவும் கணபதிக்குத் திரும்பிப் போன மறுநாள் காலை, ராசாத்தாள் பால் கறந்துவிட்டு உள்ளே வந்தாள். ஆசாரத்தில் வெறும் கட்டிலருகே அருக்காணி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு.

“கையி தானா மொண்டுபோட்டுது அம்மணி” என்றாள்.

ராசாத்தாள் அந்த டம்ளரை வாங்கிக் கட்டில்மேல் வைத்தாள். சமையலறைக்குப் போய், கறந்து வந்த பாலைக் காய்ச்சி, அவர் குடிக்கிற பெரிய டம்ளரிலேயே ஊற்றி ஆற்றிக்கொண்டு வந்து அருக்காணியின் முன்னால் நீட்டினாள்.

“குடிங்க நங்கையா.”

அருக்காணி ஓர் அடி பின்னால் போனாள். “எனக்கு வேண்டாம் அம்மணி. அந்தப் பாலப் பாத்தாலே எனக்கு...”

“பால் மேல தப்பு இல்லீங்க. நாலு வயசுல நீங்க இதக் குடுத்து வளத்ததாலதான் அந்த மனுசன் எனக்குக் கெடைச்சாரு.”

அருக்காணி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். கையை நீட்டவில்லை. ராசாத்தாள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு முறை குடிக்கச் சொல்லவும் இல்லை. மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள்.

பன்னிரண்டு வந்தது. போயிற்று. பாலின் ஆவி இருவருக்கும் நடுவே எழுந்துகொண்டிருந்தது. இருபதும் வந்தது. ராசாத்தாள் அசையாமல் நின்றாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு... கட்டுத்தரையில் எருமை ஒருமுறை கனைத்தது.

இருபத்தாறில் அருக்காணியின் கை நீண்டது.